நடுத்தட்டில் இருந்த போன்

ஸுலீகா அக்காவின் வீட்டு மாடியறைக்கு நான் குடிவந்தது எனக்கு விவாகரத்து ஆன வருஷம். அவள் என் பெட்டியை மேலே தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். கீழே வந்து கையால் ஏதோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற அவள் வீட்டுக்காரர் பெக்காய் அண்ணன் சொன்னார்: "சாப்பிட்டியான்னு கேக்கறா. ஆச்சுன்னு மட்டும் சொல்லிடாத யமீனா, நம்ப மாட்டா." அவள் பாஷையில் நான் கற்ற முதல் வார்த்தை அதுதான். ஐந்து விரலையும் குவித்து உதட்டருகே கொண்டுபோய்ப் புருவத்தைத் தூக்க வேண்டும். பதினோரு வருஷம் ஆகிவிட்டது.

அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. நாலு வயது மூத்த அக்கா கைராவுக்கும் அப்படித்தான். அவர்கள் சிறுமிகளாக இருந்தபோது எங்கள் ஊர் உஜ்தாவில் அப்படிப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற வழக்கமே இல்லை. ஸுலீகா அக்காவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. அக்காவும் தங்கையும் ஒரே ஆட்டுத்தோல் விரிப்பில் படுத்துப் புரண்டபடி தாங்களே ஒரு கைப்பாஷையை உண்டாக்கிக்கொண்டார்கள். அவர்கள் அம்மா அதில் பாதி கற்றாள். பெக்காய் அண்ணன் முக்கால்வாசி. நான் அவரைவிடக் கொஞ்சம் குறைவு. அதை முழுசாகப் பேசத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான்.

அந்த பாஷையில் ஆளுக்கு ஒரு பெயர் உண்டு. பெக்காய் அண்ணனுக்கு மாவு பிசைகிற இரண்டு முஷ்டி. அவர் காக் சுடுகிற அடுப்பில் வேலை செய்தார். சோம்பும் எள்ளும் போட்ட அந்த வளைய ரொட்டிகளுக்கு ஒரு நாளைக்கு எண்பது கிலோ மாவு பிசைவார், வீட்டுக்கு வந்த பிறகும் அவர் சட்டையில் சோம்பு மணக்கும். எனக்கு உள்ளங்கைமேல் கட்டைவிரலைத் தேய்ப்பது, ஏனென்றால் நான் சூக் கடைத்தெருவில் மிலூதின் கடையில் போன் விற்கிறேன். கைராவுக்கு நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் இரண்டு விரலைச் சுருட்டிச் சுருட்டிக் காட்டுவது. சின்ன வயதில் அவளுக்கு எண்ணெய்க்கும் சீப்புக்கும் அடங்காத சுருட்டை முடியாம்.

கைரா எல்லைக்கு அந்தப் பக்கம் மக்னியாவில் கட்டிக்கொடுக்கப்பட்டவள். கல்யாண ஊர்வலம் மோட்டாரில் போய் அன்றைக்கே திரும்பிவிட்டது, அரை மணி நேர தூரம்தானே. அடுத்த வருஷம் எல்லையை மூடினார்கள். மூடியது மூடியதுதான். அரை மணி நேர ஊருக்கு விமானம் ஏறி மூன்றாவது நாடு ஒன்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்றால், அடுப்பில் மாவு பிசைகிறவன் வீட்டில் யார் போவார்கள்? அவர்கள் அம்மா ஐந்து வருஷம் முன்னால் ஸுலீகா அக்காவின் மடியில் கண்ணை மூடினாள். கைராவால் வர முடியவில்லை.

ஆனால் சந்தித்துக்கொள்ள ஓர் இடம் இருந்தது. கடற்கரைக்குப் போகிற வழியில், இரண்டு பாறைச் சரிவுகளுக்கு நடுவே ஒரு வறண்ட ஆறு கிடக்கிறது. இந்தச் சரிவு நம்முடையது, அந்தச் சரிவு அவர்களுடையது. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பக்கமும் ஜனம் வந்து நின்று ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கத்தும். காற்று பாதியைத் தின்றுவிடும். தொண்டை கட்டினதுதான் மிச்சமென்று திரும்புவார்கள். அந்தக் கூட்டத்தில் நிம்மதியாகப் பேசினவர்கள் இந்த அக்காவும் தங்கையும் மட்டும்தான். கையைத் தலைக்குமேல் தூக்கிப் பெரிது பெரிதாக வீசி, சமையல், முழங்கால் வலி, மருமகன், பக்கத்து வீட்டுக்காரி எல்லாவற்றையும் பேசுவார்கள். நானும் ஒருமுறை அவர்களோடு போயிருக்கிறேன். பக்கத்தில் நின்ற ஒருவர் பெக்காய் அண்ணனிடம், அல்லாஹ் இவங்களுக்குக் காதைக் குடுக்காதது நம்மளைப் பொறாமைப்பட வைக்கத்தான் போல என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய நவம்பரில் கைரா அந்தச் சரிவுக்குக் கடைசியாக வந்தாள். மகள் நஸீரா அழைத்துவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். கைரா கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு தோளுக்குமேல் கை எழவில்லை. மடியில் கையை வைத்தபடி தங்கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள். ஈரலில் கட்டி என்று அடுத்த வாரம் நஸீரா என் போனுக்குச் செய்தி அனுப்பினாள். அதை நான்தான் ஸுலீகா அக்காவுக்குச் சொன்னேன். அவள் ப்ளூஸா ஒன்றின் கழுத்துக்கு மணி கோத்துக்கொண்டிருந்தாள். அந்த உடுப்புகளுக்கு மணி வேலை செய்வதுதான் அவளுடைய வருமானம். ஊசியை நிறுத்தவில்லை. வரிசையை முடித்து, முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். எத்தனை நாள் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

வீட்டில் இருந்த பழைய போன் ரமதானிலேயே செத்துப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. அன்று காலை என் போனில் அக்காவும் தங்கையும் முகம் பார்த்துப் பேசுவார்கள். மற்ற நாட்களில் நான் கடையிலிருந்து வர ஒன்பது மணி ஆகிவிடும். அதற்குள் மருந்து கைராவைத் தூங்க வைத்துவிடும். வாரத்துக்கு ஒரு நாள் போதவில்லை. தினமும் பார்க்க வேண்டும் என்று ஸுலீகா அக்கா கேட்டாள். அதுவரை அவள் புருஷனிடம் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு பெக்காய் அண்ணன் நேராகக் கடைக்கு வந்தார். கையில் காக் பொட்டலம். எனக்கும் மிலூதுக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்துவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஜுப்பாவின் உள்பையில் ஆயிரத்து நானூறு திர்ஹம் இருந்தது. அதை அவர் முன்னமே என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்தப் பருவத்தில் எங்கள் கடையில் நன்றாக ஓடியது டெரோ என்கிற கம்பெனி. அந்தக் கம்பெனியின் பன்னிரண்டாம் வரிசையில் மட்டும் ஐந்து போன். டெரோ 12சி, டெரோ 12, டெரோ 12எஸ், டெரோ 12எஸ் ப்ளஸ், டெரோ 12 ப்ரோ. ஒவ்வொன்றிலும் நினைவகத்துக்கு இரண்டு மூன்று அளவு, அளவுக்கொரு விலை. எல்லாம் ஒரே உயரம், ஒரே கறுப்பு. விலைச் சீட்டை மாற்றி வைத்தால் எனக்கே திரும்பவும் தேடித்தான் வைக்க வேண்டும்.

பெக்காய் அண்ணன் வெகுநேரம் பார்த்தார். "ஒரே வயித்துல பொறந்த அஞ்சு பொண்ணுங்க மாதிரி இருக்கு. இதுல மூத்தவ யாரு, கடைக்குட்டி யாரு?"

மிலூத் சிரித்தான். கெட்டவன் இல்லை, வியாபாரி. என்னை வேலைக்குச் சேர்த்த முதல் வாரமே அவன் சொல்லிக்கொடுத்தது இது: "யாரும் அடிமட்டத்தை வாங்க மாட்டான், வெக்கம். உச்சியையும் வாங்க மாட்டான், பயம். உனக்கு எது தள்ளணுமோ அதை நடுத்தட்டுல வை."

நான் அண்ணனுக்கு டெரோ 12ஐ எடுத்துக் கொடுத்தேன். ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. இது போதும் என்றேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். மாவு காய்ந்த நகத்தால் கண்ணாடியில் கீறல் விழுந்துவிடுமோ என்று விரலை மடக்கிக்கொண்டு பிடித்தார். வாங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்போது மிலூத் குறுக்கே வந்தான். நூற்றைம்பது திர்ஹம் கூடப் போட்டால் எஸ் வருகிறது, வேகம் இரண்டு மடங்கு, நூற்றைம்பது என்பது ஒரு கிலோ கறிக்காசு, அதற்காக வருஷக்கணக்கில் வீட்டில் இருக்கப்போகிற பொருளைக் குறைத்து வாங்குவானேன் என்றான்.

பெக்காய் அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு அவர் பையின் கணக்கு தெரியும். "இதுவே நல்ல போன்தான் அண்ணே" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "போனைப் பார்த்துச் சொல்றியா, என் பையைப் பார்த்துச் சொல்றியா?"

அவர் போனைப் பூப்போல வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வருகிறேன், அவளுக்கு வாங்குவது, அரைகுறையாக வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் அடுப்பில் இரண்டு ஷிப்ட் பார்த்தார். கல்யாணப் பருவம், காக் கேட்டு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு வந்து ஹரீரா சூப்புக் கிண்ணத்தைப் பிடித்தால் கை நடுங்கும். ஸுலீகா அக்கா அவர் மணிக்கட்டில் ஆலிவ் எண்ணெய் தேய்த்துவிடுவாள். எண்ணெய்க் கையாலேயே, சின்னது போதும் என்று சொல்வாள். உனக்கு இதெல்லாம் தெரியாது என்று அவர் பதில் சொல்வார்.

இரண்டாவது சனிக்கிழமை ஆயிரத்து அறுநூறோடு வந்தார். அதற்குள் கம்பெனி விலையை மாற்றியிருந்தது. எஸ் ப்ளஸ்ஸின் பழைய விலையான இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பதைச் சிவப்பில் அடித்துவிட்டு, கீழே ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று போட்டிருந்தோம். எங்களிடம் அது நாற்பது பெட்டி தேங்கிக் கிடந்தது. நடுத்தட்டுக்கு அதைத்தான் கொண்டுவந்திருந்தோம். ஒன்று விற்றால் எனக்கு நாற்பது திர்ஹம். பெக்காய் அண்ணன் அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்நூறு குறைந்திருக்கிறது. இப்போது எஸ்ஸை வாங்கினால், முந்நூறு திர்ஹத்தைத் தெருவில் போட்டுவிட்டுப் போகிற மாதிரி அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆசைப்பட்டு மேலே போனார் என்று சொல்ல மாட்டேன். ஏமாந்துவிடக்கூடாது என்று பயந்து பயந்துதான் ஒவ்வொரு படியாக ஏறினார்.

"இதுக்கும் அதுக்கும் நிஜமா என்ன வித்தியாசம், யமீனா? பொய் சொல்லாம சொல்லு."

பின்பக்கக் கேமரா இதில் அறுபத்து நாலு மெகாபிக்சல், எஸ்ஸில் ஐம்பது. திரை பெரிது. சார்ஜ் வேகம். சீட்டில் பெரிய எழுத்தில் இருந்ததைச் சொன்னேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் முன்பக்கக் கேமராவின் எண்ணும் இருந்தது. அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கைப்பாஷை பேசுகிற வீட்டில் பதினோரு வருஷம் குடியிருக்கிறவள் நான். அன்றைக்கும் அது எனக்குத் தோன்றவில்லை. இது நல்லா ஓடுது அண்ணே என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை.

மேலும் இரண்டு வாரம் இரண்டு ஷிப்ட் பார்த்து, நாலாவது சனிக்கிழமை எஸ் ப்ளஸ்ஸை வாங்கினார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். அந்த மூன்று வாரமும் அக்காவும் தங்கையும் வெள்ளிக்கிழமை மட்டும்தான் பேசினார்கள். இரண்டாவது வெள்ளிக்கிழமை கைரா தூங்கிக்கொண்டே இருந்தாள். ஆக, பேசியது இரண்டே முறை.

வீட்டில் அன்றைக்குப் பெருநாள் மாதிரி இருந்தது. ஸுலீகா அக்கா பெட்டியின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காமல் மடித்து வைத்தாள். ஞாயிறு காலை நான் கடைக்குக் கிளம்பும்போது மொட்டைமாடியில் துணிக்கொடிக்கு நடுவில் நல்ல வெயிலில் நின்று அக்காவோடு பேசிக்கொண்டிருந்தாள். சோப்புத் தொட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. கைரா படுக்கையில் இருந்தபடி, உன் பல்லில் கீரை ஒட்டியிருக்கிறது என்றாள். இவள் தேய்த்துக்கொண்டாள். கைரா சிரித்தாள். பொய் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமையும் அதேபோல் நடந்தது. பெக்காய் அண்ணன் படியில் என்னை நிறுத்தி, பார்த்தியா, காத்திருந்து வாங்கினது வீண் போகல என்றார். ஆமா அண்ணே என்றேன்.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு பழைய மாதிரி வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் அறை. மழைக்காலத்தில் முற்றத்துக்குமேல் தார்ப்பாய் கட்டிவிடுவார்கள். பிறகு பகலிலும் உள்ளே இருட்டுத்தான். அறைக்கு ஒரு குண்டு பல்பு. அன்றைக்கு நடந்தபோது நான் கடையில் இருந்தேன். பெக்காய் அண்ணன் சொன்னது பாதி, ஸுலீகா அக்கா சொன்னது மீதி.

நாலரை மணிக்கு நஸீரா கூப்பிட்டாளாம். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அசையாமல் கிடந்த அம்மா இப்போது விழித்திருக்கிறாள், சித்தியைத்தான் கேட்கிறாள், மருத்துவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் இன்னொரு தரம் விழிப்பாளா தெரியாது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாடிக்குப் போக வழியில்லை. பல்புக்குக் கீழே உட்கார்ந்து, தண்ணீர்க் குடத்தில் போனைச் சாய்த்து வைத்தாள் ஸுலீகா அக்கா.

இவளுக்கு அக்கா நன்றாகத் தெரிந்தாள். அங்கே ஜன்னல் வெளிச்சம் இருந்தது, நஸீராவின் போனும் நல்ல போன். கைராவின் கை போர்வைமேல் கிடந்தபடியே மெதுவாக அசைந்தது. விரல் மட்டும்தான். அவள் கேட்டது இது: "அம்மா போகும்போது என்னை ஒரு தடவைகூட நினைக்கலையா?"

இந்தக் கேள்வியை ஐந்து வருஷம் முன்னால் அந்தப் பாறைச் சரிவில் அவள் ஏற்கெனவே கேட்டிருந்தாள். அப்போது ஸுலீகா அக்கா, அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள், யாரையும் கேட்கவில்லை என்று பதில் சொன்னாள். அது உண்மையில்லை. பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வாய் போயிருந்தது. கடைசி மூன்று நாளும் நெற்றிப்பொட்டில் இரண்டு விரலைச் சுருட்டிச் சுருட்டிக் கைராவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷம் மலம் மூத்திரம் எடுத்தவள் இவள். தன் பெயருக்கு அம்மாவின் கை ஒரு தரம்கூட எழவில்லை. அந்த ஆத்திரத்தில் இவள் அதை விழுங்கிவிட்டாள். நாளாக ஆக, பொய்யை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் போயிற்று.

இப்போது சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா உன்னைத்தான் கேட்டாள், மூன்று நாளும் கேட்டாள், பொறாமையில் நான் மறைத்தேன், மன்னித்துவிடு.

கைரா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "உன் கை தெரியல" என்றாள்.

இவள் திரும்பவும் சொன்னாள். மெதுவாகச் சொன்னாள். கைராவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "புகை மாதிரி இருக்கு. விரல் எல்லாம் ஒண்ணாயிடுது." நஸீராவும் அம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, சித்தப்பா, வெளிச்சம் போடுங்க, சித்தி கை சுத்தமா தெரியல என்றாள்.

பெக்காய் அண்ணன் டார்ச்சை எடுத்துவந்து மனைவியின் கைமேல் வெளிச்சம் அடித்தார். கை வெள்ளையாகக் கரைந்துபோயிற்று. பக்கத்து அறைப் பல்பைக் கழற்றிவந்து மாட்டப் பார்த்தார், பிடிப்பு சேரவில்லை. வாசலுக்கு இழுத்துப்போய் உட்கார வைத்தார். வானம் தார் பூசினது மாதிரி இருந்தது, அங்கேயும் அதே புகைதான். பிறகு அவர் செருப்பில்லாமல் மழையில் ஓடினார், மூலை மளிகைக்காரரிடம் போன் இரவல் கேட்க. மளிகைக்காரர் தொழப் போயிருந்தார். அடுத்த கடைக்கு ஓடினார்.

அந்த நேரத்தில்தான் கைரா அதைச் சொன்னாள். "பரவாயில்ல. தெரியலன்னாலும் நிறுத்தாத. நீ சொல்லிக்கிட்டே இரு, நான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பெக்காய் அண்ணன் இரவல் போனோடு நனைந்துபோய் உள்ளே வந்தபோது திரையில் கைராவின் கண் மூடியிருந்தது. ஸுலீகா அக்காவின் கை இன்னும் நிற்கவில்லை.

புதன்கிழமை விடியற்காலை கைரா போய்விட்டாள். அன்று மதியமே அடக்கம். அரை மணி நேர தூரம். இங்கே பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், குர்ஆன் ஓத ஆள் வந்தது, மூன்றாம் நாள் குஸ்குஸ் ஆக்கித் தெருவுக்குக் கொடுத்தோம். ஸுலீகா அக்கா வந்தவர்களிடம் தலையை ஆட்டினாள், கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவள் கை பேசவில்லை. புதன்கிழமையிலிருந்து அவள் கையால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணி கோத்தாள், மாவு பிசைந்தாள், பாத்திரம் கழுவினாள். சாப்பிட்டியா என்றுகூட என்னைக் கேட்கவில்லை. நான் மாடியேறும்போது கிண்ணத்தை மட்டும் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை என்ன சொன்னாள் என்பதை எனக்குச் சொன்னது அதற்குப் பத்து நாள் கழித்து. கிணற்றடியில் நின்று, யாரோ பின்னாலிருந்து தள்ளினது மாதிரி, ஒரே மூச்சாகச் சொல்லி முடித்தாள். சொல்லிவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெக்காய் அண்ணன் என்னைக் கேட்டது அந்த வாரம்தான். அடுப்பிலிருந்து வந்து, படியில் உட்கார்ந்து, ஈரச் செருப்பைக் கழற்றாமல் வெகுநேரம் இருந்தார். நான் மேலே போக வழியில்லாமல் நின்றேன்.

"மொத நாள் கையில எடுத்துக் குடுத்தியே யமீனா. ஆயிரத்து முந்நூறு சொச்சம். அன்னிக்கு என்கிட்ட அந்தக் காசு இருந்துச்சு."

செருப்பைக் கழற்றித் தண்ணீரை உதறினார்.

"அதுல இப்படி ஆயிருக்காது இல்ல?"

அவர் கேட்பதற்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். கடையில் பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தை வாசித்தேன். டெரோ 12இல் முன்பக்கக் கேமரா பதின்மூன்று. எஸ் ப்ளஸ்ஸில் ஐந்து. விலையைப் பிடித்துவைக்க வேண்டி, பெரிய எழுத்தில் வராத இடத்தில் கை வைத்திருக்கிறார்கள். ஐந்நூறு திர்ஹம் அதிகம் கொடுத்து, மூன்று வாரம் இரட்டை வேலை பார்த்து, அவர் வாங்கிவந்தது அதைத்தான். நாற்பது திர்ஹம் என் சம்பளத்தோடு சேர்ந்து வந்திருந்தது.

"எல்லாம் ஒண்ணுதான் அண்ணே" என்றேன். "இருட்டுல எந்தப் போனா இருந்தாலும் அப்படித்தான். மழைய என்ன பண்ண முடியும்?"

அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. எழுந்து ஒதுங்கி எனக்கு வழி விட்டார்.

நாற்பதாம் நாள் கழிந்த மறுநாள் மதியம், மிலூத் தொழுகைக்குப் போயிருந்த நேரம், ஸுலீகா அக்கா கடைக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் என் கடைக்குள் வந்ததில்லை. சாம்பல் நிற ஜில்லாபா அங்கி போட்டு, தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். மேலே இருந்த குழல்விளக்குகளைக் காட்டி, அணை என்றாள். அணைத்தேன். ஷட்டரைப் பாதி இறக்கு என்றாள். இறக்கினேன். கடை எங்கள் முற்றத்து அறை மாதிரி மங்கிப்போயிற்று.

கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, முதல் தட்டிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு போனிலும் முன்பக்கக் கேமராவைத் திறந்து கொடுக்க வேண்டும். நான் திறந்து நிறுத்தி வைத்தேன். அவள் அதற்கு எதிரே நின்றுகொண்டு, நெஞ்சுக்கு நேராகக் கையைத் தூக்கி, அம்மா உன்னைத்தான் கேட்டாள் என்று சொன்னாள். நெற்றிப்பொட்டில் இரண்டு விரலைச் சுருட்டினாள். திரையைப் பார்த்தாள். அடுத்த போனுக்கு நகர்ந்தாள். அங்கேயும் அதையே சொன்னாள்.

அவசரப்படவில்லை. எல்லாக் கம்பெனியும், எல்லாத் தட்டும், பதினெட்டு போன். சிலவற்றில் விரல் பிசைந்த மாவு மாதிரி தெரிந்தது. சிலவற்றில் கை நின்ற பிறகுதான் படம் வந்தது. எஸ் ப்ளஸ்ஸுக்கு முன்னால் நின்றபோது முகத்தில் எதையும் காட்டவில்லை, ஒரு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு நகர்ந்தாள். கடைசியில் கீழ்த்தட்டு ஓரத்திலிருந்து நான் டெரோ 12ஐ எடுத்து வைத்தேன். வைக்காமல் இருந்திருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றத்தான் செய்தது. ஆனால் அவள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தாள்.

அதில் தெரிந்தது. அந்த மங்கலிலும் விரல் விரலாகத் தெரிந்தது. சுருட்டிய இரண்டு விரலுக்கும் நடுவில் இருந்த இடைவெளிகூடத் தெரிந்தது.

அவள் அதற்கு முன்னால் முதல் வாக்கியத்தோடு நிறுத்தவில்லை. முழுவதையும் சொன்னாள். மூன்று நாளும் கேட்டாள். பொறாமையில் நான் மறைத்தேன். மன்னித்துவிடு. திரையில் இருந்த அவளும் அதையெல்லாம் தெளிவாகத் திருப்பிச் சொன்னாள். நான் வேறு பக்கம் பார்க்க நினைத்தேன், முடியவில்லை.

பிறகு குனிந்து விலைச் சீட்டைப் பார்த்தாள். எண்கள் அவளுக்குத் தெரியும். ஒவ்வோர் எண்ணின்மேலும் விரல் வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பெக்காய் அண்ணன் முதல் நாள் பையில் எவ்வளவு கொண்டுவந்தார் என்று கேட்டாள்.

நான் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே கரான் விற்கிறவன் தட்டைத் தட்டிக்கொண்டு போனான், கடலைமாவும் சீரகமும் வெந்த வாசனை ஷட்டருக்குக் கீழே வந்தது. போனை எடுத்துத் தன் சட்டைக் கையால் துடைத்து, அது இருந்த இடத்திலேயே, சீட்டு நேராக இருக்கும்படி வைத்தாள்.

முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு முஷ்டியையும் சேர்த்து மாவு பிசைகிற மாதிரி ஒரு தரம் காட்டினாள். பிறகு சுட்டுவிரலை உதட்டில் வைத்து, கீழே இழுத்தாள்.

"அவர்கிட்ட சொல்லாத."